மூவருக்கும் ஒரே கிருமி

எனக்குக் காலரா வந்தது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "அதெல்லாம் ரப்பர் எஸ்டேட் காலத்து வியாதியாச்சே" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிள்ளானில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் இருபது வருடமாகக் கிளார்க் வேலை. வடிகட்டிய தண்ணீரைத்தான் குடிப்பேன். லிப்டில் பொத்தானை முழங்கையால் அமுக்குவேன். ஆபீசில் எல்லோரும் என்னைக் கிண்டல் செய்யும் அளவுக்குச் சுத்தக்காரி. அப்படிப்பட்ட நான், நடுவில் ஓட்டை போட்ட கட்டிலில், கீழே வாளியோடு படுத்துக் கிடந்தேன். அந்த வாளியைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது நான் சொன்ன ஒரு பொய்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணி, நான் மூவரும் கிள்ளானில் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன வருடம் அண்ணனுக்கு இருதயத்தில் பைபாஸ் நடந்தது. அறுவைக்கூடத்துக் கதவு மூடிய அந்த நிமிடத்தில் அண்ணியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டோம். அவர் பிழைத்து வந்தால், ஆடி மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், உள்ள அம்மனுக்கு இருவரும் பால்குடம் எடுக்கிறோம், பத்து நாள் சுத்த விரதம் இருக்கிறோம் என்று. அவர் பிழைத்தார். நாங்கள் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். விரதத்தில் தவறினால் கொடுத்த உயிரை அம்மன் திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணி பத்து நாளைக்குப் பாத்திரங்களையே மாற்றினாள். பிரிட்ஜை மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள்.

பால்குடம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மதியம் எங்கள் ஆபீசில் ஒருவருக்குப் பிரிவு விருந்து. என் பக்கத்து மேசை நோரா, ரோட்டோரம் ஒரு வேனில் விற்கிறவரிடம் கெராங் வாங்கி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கிக் கொண்டுவந்திருந்தாள். கெராங் என்றால் சின்னச் சிப்பி. பிரித்தால் உள்ளே சதை ரத்தச் சிவப்பாக இருக்கும். அதிகம் வெந்தால் ரப்பர் ஆகிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் அரைவேக்காட்டில்தான் தின்பார்கள். கூடவே ஒரு மிளகாய்ச் சாறு. எனக்கு அதைப் பார்த்தால் வாய் ஊறும். ஏழு நாள் கீரையும் பருப்புமாக இருந்தவள் நான். தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நோரா ஒன்றைப் பிரித்து என் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் அது போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை தின்றேன் என்று நான் எண்ணவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மிச்சத்தை நோரா ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கைப்பையில் திணித்தாள். வீணாக்க மனம் வராமல் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மிஸஸ் லிம்முக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், அன்று சாயங்காலம் அவர் வீடு பூட்டியிருந்தது. பையின் வாயை முடிச்சுப் போட்டு, செய்தித்தாளில் சுருட்டி, எங்கள் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் பயற்றங்காய்க்கு அடியில் ஒளித்து வைத்தேன். மஞ்சள் தண்ணீரால் துடைத்த பிரிட்ஜில்!

மறுநாள் காலை அதை எடுத்தபோது எனக்குத் திக்கென்றது. பையில் என் முடிச்சு இல்லை. வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் ரப்பர் பேண்ட் போடுவது அண்ணிதான். சமையலறைக் கதவுக் கைப்பிடியில் ஐம்பது அறுபது மாட்டி வைத்திருப்பாள். பார்த்துவிட்டாள், என் மானம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அண்ணி "பசியாறிட்டியா வசந்தி?" என்று மட்டும் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் தோசையைத் திருப்பினாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று எனக்குக் கண் கலங்கியது. பொட்டலத்தை மிஸஸ் லிம்மிடம் கொடுத்தேன். அவர் அதை மிளகாய் அரைத்த சம்பாலில் போட்டு நன்றாக வதக்கித் தின்றாராம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கோயில் மடப்பள்ளிக்குப் போனேன். கோயில் சமையல் கணேசன் அண்ணன் பொறுப்பு. உறவில்லை, மரியாதைக்கு அண்ணன். தாமான் முனை ரொட்டிச் சானாய்க் கடையில் பரோட்டா போடுகிறவர். கோயிலில் சமைப்பது காசு வாங்காத சேவை. வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குள் வருவார். சாமிக்குப் படைக்கும்வரை எதையும் ருசி பார்க்க மாட்டார். உப்பு சரியா என்றுகூட நாக்கில் வைக்க மாட்டார். அன்று அன்னதானத்தோடு நீர்மோரும் உண்டு. எலுமிச்சை பிழிந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கி, மூன்று பெரிய அண்டாவிலும் கைவிட்டுக் கலக்கியவள் நான். என் வயிற்றுக்குள் அப்போதே ஏதோ உருண்டது. விரதத்தில் வெறும் வயிறு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பால்குடம் இறக்கி ஒரு மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. வலியே இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. காய்ச்சலும் இல்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது. மூன்று மணிக்குள், வெளியேறுவதில் நிறமே இல்லாமல் போயிற்று. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, மேலே சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள். கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கையைப் பார்த்தேன். நாள் முழுக்கத் துணி துவைத்தவளின் விரல்கள் போலச் சுருங்கியிருந்தன.

அண்ணன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பைபாஸ் செய்தவர் எதையும் தூக்கக்கூடாது. அதைச் சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளினபடியே நின்றது. உடனே நான்கு பேர் ஓடி வந்தார்கள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, உப்புநீர்ப் பைகளை மாட்டி, பையை ஒருவர் கையால் பிழிந்தார். என்னைச் சுற்றி இவ்வளவு பேர் ஓடுகிறார்கள் என்றால் நான் சாகப்போகிறேன் என்றுதான் அர்த்தம் என்று புரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அம்மன் ஞாபகம் வரவில்லை. கெராங் ஞாபகம் வந்தது.

தனி அறையில் போட்டார்கள். ஓட்டைக் கட்டிலும் வாளியும் அங்கேதான். எவ்வளவு போகிறது என்று அளந்து, அவ்வளவையும் திரும்ப உள்ளே ஏற்றுவார்கள். வைத்தியமே அதுதான். மாத்திரை அப்புறம். திங்கள்கிழமை காலை என் குரல் கொஞ்சம் திரும்பியது. "அண்ணி எங்கே?" என்று கேட்டேன். கதவுக்கு வெளியே முகமூடியோடு நின்ற அண்ணன் பக்கத்து அறையைக் கையால் காட்டினார். விடியற்காலையில் அவளையும் கொண்டு வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எங்களைப் பார்க்கும் டாக்டர் தர்ஷினி வந்தார். இளம் வயதுப் பெண். "அக்கா, ரிசல்ட் வந்திருச்சு. காலரா" என்றார். எங்கள் இருவரின் மலத்தையும் ஒரு பச்சைக் கூழ் தடவிய தட்டில் வளர்த்தார்களாம். காலராக் கிருமி அதில் மஞ்சள் புள்ளியாக முளைக்குமாம். தன் போனில் படத்தைக் காட்டினார். அழகான மஞ்சள். என் வயிற்றிலிருந்து வந்தது என்று நம்பவே முடியவில்லை.

"அண்ணி எப்படி இருக்காங்க டாக்டர்?"

"அவங்களுக்கு உங்கள விட மோசம்தான் அக்கா. ஒன்னுக்குப் போகல. கிட்னி அடி வாங்கியிருக்கு. காஸ்ட்ரிக் மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடுறாங்களா?"

"ஆமா, தினமும்."

"அதான். வயித்துல இருக்கற ஆசிட்தான் இந்தக் கிருமிய கொல்லும். மாத்திரை போட்டு ஆசிட்டக் கொறச்சிட்டா, கொஞ்சம் கிருமி போனாக்கூடப் போதும்."

கொஞ்சம் போனால்கூடப் போதும். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி மூன்று டம்ளர் மோர் குடித்தாள். மோரைக் கலக்கியது என் கை.

அன்று மதியமே சுகாதார இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரஹீம் என்று பெயர், தலை நரைத்த, பொறுமையான மனிதர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலாய் மொழியில், ஐந்து நாளாக என்னென்ன சாப்பிட்டேன் என்று வேளை வேளையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு சொன்னேன், சனி சொன்னேன், வெள்ளி சொன்னேன்.

"வியாழக்கிழமை மதியம்?"

"தயிர்சாதம்."

"கடல் உணவு ஏதாவது? சிப்பி, இறால், கெராங்?"

அண்ணன் எனக்கு முந்திக்கொண்டார். "தங்கச்சி விரதம் என்சிக். பத்து நாளும் சைவம்தான்." 'என்சிக்' என்று மரியாதை போட்டுச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. தனக்காக இருவரும் இப்படி விரதம் இருந்தார்கள் என்ற பெருமை.

ரஹீம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தலையாட்டல்.

அண்ணிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்ததால், அவள் சாப்பாட்டையும் அண்ணனே சொன்னார். அவளும் சைவம்தான். வெளியில் சாப்பிட்டது கோயிலில் மட்டும். ஆக, சைவம் மட்டும் சாப்பிட்ட இருவருக்கும் கோயில்தான் பொது. மாலைக்குள் மடப்பள்ளியை மூடினார்கள். அண்டாவின் அடியில் இருந்த மோரையும் குழாய்த் தண்ணீரையும் எடுத்துப் போனார்கள். கணேசன் அண்ணனையும் சோதனைக்குக் கூட்டிப் போனார்கள். ரொட்டிச் சானாய்க் கடையிலும் அவரை வராதே என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மனுஷன் சுத்தமாத்தான் இருப்பாரு. என்ன பண்ணித் தொலைச்சாரோ" என்றார்.

அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. கணேசன் அண்ணன். நான் எடுக்கவில்லை. திட்டுவார், இல்லையென்றால் அழுவார், இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது. புதன்கிழமை மீண்டும் அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

புதன்கிழமை அண்ணியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, ரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ் வைத்தார்கள். என் கட்டிலிலிருந்து பார்த்தால் அவளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. முகம் முழுக்க மூக்கு மட்டும்தான் இருந்தது. கண் குழியில் போய்விட்டது. அண்ணன் என் கதவருகே வந்து நின்றார். "பயப்படாத வசந்தி. நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு சுத்தமா விரதம் இருந்தீங்க. அம்மா கைவிட மாட்டா" என்றார். மார்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். தையல் போட்ட இடம். அவர் நின்றுகொண்டிருந்ததே அந்த நம்பிக்கையில்தான். அதை நான் எப்படி உருவுவேன்? சொல்லிவிட்டால் அம்மன் காதில் விழுந்துவிடும், அண்ணனோ அண்ணியோ, யாராவது ஒருவரை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். படித்தவள் இப்படி நினைப்பாளா என்று கேட்காதீர்கள். ஓட்டைக் கட்டிலில் படுத்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

டாக்டர் தர்ஷினி தினமும் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். நான் பயத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரே கிருமி என்னைச் சீக்கிரம் விட்டுவிட்டு அண்ணியை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று கேட்டேன்.

"ஆளப் பொறுத்து மாறும் அக்கா. சில பேருக்கு லேசாப் போயிட்டு நின்னுரும். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. கிருமியிலயும் தினுசு இருக்கு. பேரு ஒண்ணுதான், ஆனா ஏகப்பட்ட வகை. ஆறு கடல்ல சேர்ற எடத்துல, சிப்பிக்குள்ள எல்லாம் சும்மா கெடக்கும். முக்காவாசி காலராவே தராது. சிலதுக்கு மட்டும்தான் ரெண்டு ஜீன் சேர்ந்து இருக்கும். ஒண்ணு குடல்ல ஒட்டிக்கறதுக்கு. இன்னொண்ணு விஷம் செய்யறதுக்கு."

"அந்த விஷம் குடலப் புண்ணாக்குமா?"

"புண்ணே ஆக்காது. ஒடம்புல இருக்கற தண்ணியும் உப்பும் குடலுக்குள்ள கொட்டற மாதிரி பண்ணிடும். மூட மறந்த பைப்பு மாதிரி. அதிலயும் சில வகை விஷத்த ரொம்ப நிறையச் செய்யும்." பிறகு, "வேடிக்கை என்னன்னா, அந்த விஷ ஜீன் கிருமிக்குச் சொந்தம்கூட இல்ல. ஒரு வைரஸ் வெளிய இருந்து கொண்டாந்து உள்ள வச்சது" என்றார்.

வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்தது. நான் பயற்றங்காயையும் அதன் அடியில் இருந்த பொட்டலத்தையும் நினைத்துக்கொண்டேன்.

"உங்க ரெண்டு பேரு கிருமியயும் பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கோம். அதோட ஜீன் எழுத்து முழுக்கப் படிப்பாங்க. ஒரே எடத்துல இருந்து வந்ததுன்னா எழுத்தெல்லாம் அநேகமா ஒண்ணா இருக்கும். வேற வேற எடம்னா வித்தியாசம் தெரிஞ்சிரும்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வாரம் ஆகும் லா."

அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதைப்போல் நான் எதற்கும் பயந்ததில்லை. என் உடம்பு வியாழக்கிழமையே தேறிவிட்டது. ஆனால் கிருமி இல்லை என்று சோதனையில் தெரியும்வரை விடமாட்டார்கள். நல்ல உடம்போடு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இருவருக்கும் ஒன்று என்று வந்தால், அண்ணிக்குக் கொடுத்தது என் கை. கை என்றால் மோர். மோர் என்றால் அன்று கோயிலில் குடித்த அத்தனை பேர். தெரிந்த முகமெல்லாம் வந்து போயிற்று. தாமான் குழந்தைகள், பாய் போட்டு உட்கார்ந்திருந்த வயதானவர்கள், வெயிலில் வந்து இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிய தபால்காரர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், அதில் யார் என்று நடுங்குவேன். கணேசன் அண்ணன் தினமும் கூப்பிட்டார். சில நாள் இரண்டு முறை. திரையில் அவர் பெயர் வந்தால் தலையணைக்கு அடியில் தள்ளுவேன்.

அண்ணி வேறு என்னை வதைத்தாள். அவள் சனிக்கிழமையே கண் விழித்துவிட்டாளாம். ஆனால் பேசவில்லை. அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். "உன் மேல ஏதாச்சும் கோவமா அவளுக்கு?" என்று அண்ணன் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். ரப்பர் பேண்ட் போட்டவள் அவள். என்னால்தான் இந்தக் கதி என்று அவளுக்கும் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை ரஹீம் வந்தார். இம்முறை டாக்டர் தர்ஷினியும் கூட வந்தார். அண்ணன் வழக்கம்போல் வாசலில் நின்றார்.

"மோரில் கிருமி இல்லை" என்று ரஹீம் தொடங்கினார். புளித்த மோரில், அதுவும் எலுமிச்சை பிழிந்ததில், இந்தக் கிருமி தங்குவது கஷ்டமாம். கோயில் தண்ணீரிலும் இல்லை. சமையல்காரரிடமும் இல்லை. மோர் குடித்தவர்களில் வேறு யாருக்கும் நோய் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"ஆனால் உங்கள் கிருமியும் உங்கள் அண்ணியின் கிருமியும் ஒன்று."

வந்த மூச்சு நின்றது.

"மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். பக்கத்தில் காப்பாரில் ஒரு லோரி டிரைவர். அவருடையதும் அதே கிருமி. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று சொல்லலாம். உங்கள் கோயில் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அவர் சாப்பிட்டது கெராங். ரோட்டோரம் ஒரு வேனில் வாங்கியிருக்கிறார்." அவர் தன் தாள்களைப் பார்த்தார். "போன புதன்கிழமை வாங்கியிருக்கிறார்."

நான் தலையாட்டியது செவ்வாய்க்கிழமை. அவர் வாங்கியது புதன்கிழமை. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த வேனை அன்றே தேடிப் பிடித்திருப்பார்கள். முகம் தெரியாத ஒரு லோரி டிரைவர், எங்கோ ஓர் ஓட்டைக் கட்டிலில்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார். தேறி வருகிறார்."

நான் அண்ணனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வியாழக்கிழமை, பிரிவு விருந்து, நோரா, வேன், பொட்டலம், பயற்றங்காய். பிறகு அண்ணியைப் பற்றியும் சொன்னேன். "அவளுக்கு என் கைதான் கொடுத்திருக்கும். நான்தான் அவளுக்குச் சமைத்துப் போட்டேன், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மோரில் இல்லாவிட்டால் என்ன, என் விரலில் இருந்திருக்கும்."

ரஹீம் கோபப்படவில்லை. "விற்கிற இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்" என்றார். எழுந்து வெளியே போய் அப்போதே போனில் பேசினார். அன்று மாலைக்குள் அந்த வேனை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் திரும்பி நடந்து போய்விட்டார். காலடிச் சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டேன். இனி அவருக்கு மாரடைப்பு வந்தாலும் அது என் கணக்குதான் என்று படுத்திருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். அண்ணி என்னைக் கூப்பிடுகிறாளாம். என் சோதனைகள் இரண்டு முறை சுத்தமாக வந்திருந்ததால் விட்டார்கள். அண்ணி சாதாரண வார்டுக்கு மாறியிருந்தாள். தலையணையில் சாய்ந்து, எலும்பாக இருந்தாள். அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் "அண்ணி" என்றதுமே அவள் அழ ஆரம்பித்தாள்.

"உன் கை இல்ல வசந்தி" என்றாள். "நான் தின்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"வியாழக்கெழம ராத்திரி பயத்தங்கா எடுக்கப் போனேன். பொட்டலம் இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். கெராங்னா எனக்கு உசுருன்னு உனக்குத்தான் தெரியுமே. ரெண்டு எடுத்தேன். அப்பறம் இன்னும் ரெண்டு. நின்னுக்கிட்டே ஏழு தின்னுட்டேன். நீ பாத்துருவியோன்னு ரப்பர் பேண்ட் போட்டு வச்சேன். முடிச்சுப் போட்டிருந்தது ஞாபகமே இல்ல."

"ஏன் அண்ணி சொல்லல? டாக்டர்கிட்டயாச்சும்..."

"எப்படி லா சொல்லுவேன்?" அவள் அண்ணனைப் பார்த்தாள். "விரதத்த முறிச்சிட்டேன்னு வாயால சொன்னா, அவருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்தேன். உன் பேரு வந்தா, அவரு என் மொகத்தப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாருன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

கிட்னி நின்றுபோய், இயந்திரம் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதும் அவள் மனதில் ஓடியது அதுதான். எனக்கும் அதேதான். இரண்டு முட்டாள்கள், ஒரே பொட்டலத்தைத் தின்றுவிட்டு, ஒரே பயத்தைப் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மார்பில் அந்த நீளத் தழும்பைக் காட்டினார்.

"பாருங்க. நான் நல்லாத்தான இருக்கேன்? படுத்துக் கெடக்கறது நீங்கதான்." பொத்தானைத் திரும்பப் போட்டார். "எனக்காக மீன விட்டீங்க, கறிய விட்டீங்க, சரி. உண்மைய எதுக்குடி விட்டீங்க?"

அவர் எங்களை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. கோபம் தீர்ந்தபின் எங்களுக்குக் கஞ்சி வாங்கி வந்தார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தோம். அண்ணிக்கு இப்போது கிட்னி முக்கால்வாசி திரும்பிவிட்டது. மீதியும் திரும்பும் என்று டாக்டர் தர்ஷினி சொல்கிறார். அந்த லோரி டிரைவரைப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். பெயரும் முகவரியும் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். தெரிந்தாலும் எந்த முகத்தோடு போவேன் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் கோயிலுக்குப் போனேன். மடப்பள்ளியைத் திறந்துவிட்டிருந்தார்கள். கணேசன் அண்ணன் மட்டும் இருந்தார். வாயில் துணி கட்டிக்கொண்டு, அந்த மூன்று அண்டாவையும் வெறித்தனமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று இருந்ததைத்தான் மறுபடியும் தேய்த்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கெராங்கைச் சொன்னேன், தலையாட்டியதைச் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப மோர்ல ஒண்ணுமில்லயா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. அவங்க சொல்லலயா?"

"சொன்னாங்க. ரிப்போர்ட் சுத்தம்னு சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நான் ருசி பாக்கலயேம்மா. படைச்சப்பறம் குடிக்கலாம்னு பாத்தா அண்டா காலி. அது எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. சத்தியம் பண்ணக்கூட முடியல." கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தார். முகத்துத் துணியை அவிழ்த்தார். பத்து நாள் தாடி. "அன்னிக்கு மோர் குடிச்ச ஆளுங்கள, நம்பர் தெரிஞ்சவங்களை எல்லாம், தெனமும் கூப்புட்டுக் கேட்டேன், வயிறு எப்படி இருக்குன்னு. எல்லாரும் எடுத்தாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மட்டும் எடுக்கல. நான் உன்னக் கொன்னுட்டேன்னு நெனச்சேம்மா."